படத்தின் பின்பக்கம்

மகனே,

உனக்கும் மருமகளுக்கும் பேத்திக்கும் என் ஸலாம். எங்கள் உடம்பு நலத்தை உன் உம்மா வெள்ளிக்கிழமைதோறும் போனில் விலாவாரியாகச் சொல்லிவிடுகிறாள். அதனால் கடிதத்தில் வழக்கமாக வருகிற அந்தப் பாராவை விட்டுவிட்டேன். நான் பத்தாம் வகுப்பில் தமிழில் மட்டும் தேறியவன். மற்றப் பாடங்கள் என்னைத் தேறவிடவில்லை. ஆகவே பிழை இருந்தால் அது என்னுடையது. நல்ல வரி ஏதாவது தென்பட்டால் அது என் தமிழ் வாத்தியாருடையது.

போன வெள்ளிக்கிழமை, மாடி அறையைக் காலி செய்து வாடகைக்கு விடலாம் என்று உம்மா சொன்னபோது நீ சொன்ன பதில் ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது. "அந்த ராக்கெட் சாமானை எல்லாம் தூக்கிப் போடச் சொல்லுங்க உம்மா. யாரு பாக்கப் போறா?" கோபமாகச் சொல்லவில்லை நீ. கொஞ்சம் கோபம் இருந்திருந்தால் எனக்குத் தெம்பாக இருந்திருக்கும். சவூதியில் டயர் கம்பெனிக் கணக்கு எழுதுகிறவன் பழைய பேரேட்டைப் பற்றிச் சொல்கிற குரலில் சொன்னாய். நீ சொன்னது நியாயம்தான். தூக்கிப் போடத்தான் போகிறேன். போடுவதற்கு முன்னால் ஒரே ஒரு படச் சட்டத்தை மட்டும் பிரித்தேன். அதைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

அந்த அறையில் மொத்தம் நாற்பத்து மூன்று சட்டங்கள். உன் பேச்சில் அது 'சாமான்'. உன் உம்மா பேச்சில் 'கழுதைப் பொதி'. ரத வீதியில் என் படக்கடைக்கு வந்தவர்கள் மூன்று வகை: சாமிப் படத்துக்குச் சட்டம் போட வந்தவர்கள், மக்கா படத்துக்கு வந்தவர்கள், இறந்தவர் படத்துக்கு வந்தவர்கள். நாலாவதாக ஒரு வகையை நானே தேடிப் பிடித்தேன். பணகுடிப் பக்கம் மலையடிவாரத்தில் ராக்கெட் என்ஜினைச் சோதிக்கிற இடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். அவர்களின் வழியனுப்பு விழாப் படத்துக்குச் சட்டம் போட்டுக்கொடுக்கும்போது, "வீட்டுல அங்கனத்த பழைய பொருள் ஏதும் சும்மா கெடந்தா எனக்குத் தாங்க" என்று வெட்கமில்லாமல் கேட்பேன். அப்படி வந்தவைதான் எல்லாம். சட்டையில் தைக்கிற துணிச் சின்னம், கேன்டீன் டம்ளர், ஒரு மஞ்சள் தலைக்கவசம், ராக்கெட் போன மறுநாள் செய்தித்தாள்கள், ராக்கெட் தபால்தலை ஒட்டி முதல்நாள் முத்திரை குத்திய உறைகள். டம்ளரையும் தலைக்கவசத்தையும் எப்படிச் சட்டத்துக்குள் வைத்தேன் என்று கேட்காதே. வைத்தேன். "இந்த மனுசனுக்கு நிலாவுல ஒரு மனை வாங்கிக் குடுத்தா அங்கனயே போயிக் கெடப்பாரு" என்று உன் உம்மா தெருவில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறாள்.

இரண்டு வருஷத்துக்கு முன் பாளையங்கோட்டையிலிருந்து தபால்தலை சேகரிப்பவர் ஒருவரை அழைத்து வந்து காட்டினேன். மனிதர் செருப்பைக் கழற்றிவிட்டுப் பள்ளிவாசலுக்குள் நுழைவதுபோல் பயபக்தியாக அறைக்குள் வந்தார். முதல் உறையைப் பார்த்தார். இரண்டாவதைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"என்ன பாய், ஓரத்த எல்லாம் வெட்டியிருக்கேரு?"

"மவுண்ட் அட்டைக்குப் பெருசா இருந்துச்சு சார்."

"முத்திரையில பாதியக் காணோமே, வே."

"அதும் ஓரத்துலதான சார் இருந்துச்சு."

"பின்னால ஒட்டியிருக்கேரா?"

"பசை போட்டுத்தான் ஒட்டியிருக்கேன். ஒட்டலன்னா தாளு அலை அடிக்கும்லா."

அவர் தலையில் கை வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "பாய், நீரு இத சேத்து வைக்கல. நல்லடக்கம் பண்ணி வச்சிருக்கேரு" என்றார். உம்மா டீ கொண்டுவந்தபோது நாங்கள் இருவரும் சிரித்துக்கொண்டிருந்தோம். அவர் போன பிறகு நான் மட்டும் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தேன். அவர் சொன்னது மற்ற நாற்பத்திரண்டைப் பற்றி. எனக்கு உறுத்தியது நாற்பத்து மூன்றாவது.

அதுதான் முதலில் மாட்டியது. நீ ஆறாம் வகுப்புப் படித்தபோது வந்த படம். நடந்ததில் பாதி உனக்குத் தெரியும். தெரியாத பாதியைச் சொல்ல, தெரிந்த பாதியிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. அந்த வருஷம் உங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து கூந்தன்குளத்துக்குப் பறவை பார்க்கக் கூட்டிப்போனார்கள். ஊர் மரங்களில், வீட்டுக் கூரைக்கு மேலே எல்லாம் பறவைகள் கூடு கட்டியிருந்ததை ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தாய். அடுத்த மாதமே மலையடிவார ராக்கெட் இடத்திலிருந்து ஒரு பெரிய விஞ்ஞானி உங்கள் ஆண்டு விழாவுக்கு வந்தார். என்ஜினை ஓட்டிப் பார்த்தால் எத்தனை ஊருக்குச் சத்தம் கேட்கும் என்று பேசினார். கேள்வி இருக்கிற பிள்ளைகள் எனக்கு எழுதுங்கள், பதில் போடுவேன் என்றார். நீ அன்று சாயங்காலமே இன்லேண்ட் லெட்டர் வாங்கிவரச் சொன்னாய். என்ன எழுதினாய் என்று எட்டிப் பார்த்த எனக்குத் தெரியாமல் முழங்கையால் மறைத்தாய். ஆனால் ஒட்டுவதற்கு முன் உம்மாவுக்கு வாசித்துக் காட்டினாய், அதை நான் கேட்டேன். 'ஐயா, நீங்கள் என்ஜினைச் சோதிக்கும்போது கூந்தன்குளத்துப் பறவைகள் பயந்துபோய் முட்டையை விட்டுவிட்டுப் பறந்துவிடாதா? பறந்துவிட்டால் திரும்பி வருமா?' இவ்வளவுதான் கேள்வி. எனக்கு இதுபோல ஒரு கேள்வி வாழ்நாளில் தோன்றியது கிடையாது.

நாற்பது நாள் தபால்காரரைப் படாத பாடு படுத்தினாய். கடைசியில் நீ பள்ளிக்கூடத்தில் இருந்த நேரத்தில் காக்கி உறை வந்தது. உம்மா அதைக் கடைக்குக் கொடுத்தனுப்பினாள். பிரித்தால் படம், நெருப்பும் புகையுமாக ஒரு ராக்கெட் கிளம்புகிறது, கீழே மூலையில் அவர் கையெழுத்து. எனக்குத் தலைகால் புரியவில்லை. நீ நாலரைக்கு வீட்டுக்கு வருவதற்குள் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டி உன்னை அசத்திவிட வேண்டும் என்று ஒரு வேகம். கடையில் இருந்ததிலேயே நல்ல தேக்குச் சட்டத்தை எடுத்தேன். துணி விரித்துப் படத்தைக் குப்புறப் போட்டேன். பின்பக்கம் நீல மையில் ஏதோ எழுதியிருந்தது.

இங்கே என் தொழிலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஸ்டுடியோவிலிருந்து வருகிற எந்தப் படத்துக்கும் பின்னால் எழுத்து இருக்கும். நெகட்டிவ் நம்பர், வாங்க வருகிற தேதி, 'கண்ணைத் திறந்து வைக்கவும்' என்று ஒரு குறிப்பு. செத்தவர் படத்துக்குக்கூட அப்படி எழுதி வந்திருக்கிறது. நாங்கள் அதை வாசிப்பதில்லை. முகத்தில் கறை இருக்கிறதா என்று பார்ப்போம், முதுகைப் பார்க்க மாட்டோம். அந்த எழுத்து தமிழா இங்கிலீஷா என்றுகூட நான் கவனிக்கவில்லை. பூச்சி அரிக்காமலிருக்க நீல மயில்துத்தம் போட்ட மைதாப் பசையைப் பிரஷால் ஒரே இழுப்பில் இழுத்தேன். ஹார்டுபோர்டு அட்டையில் அழுத்தினேன். துணியால் தேய்த்துக் காற்றுக் குமிழ் ஒன்றுகூட இல்லாமல் எடுத்தேன். என் நாற்பது வருஷத் தொழிலில் அவ்வளவு சுத்தமாக ஒட்டிய படம் வேறு இல்லை.

நீ வந்தாய். பார்த்தாய். முகம் பூரித்தது, அதை நான் மறக்கவில்லை. அப்புறம் கேட்டாய்: "வாப்பா, காயிதம் எங்க?"

"எந்தக் காயிதம்?"

"பதில் எழுதியிருப்பாருல்லா."

"ஏலே, கையெழுத்தே போட்டுக் குடுத்திருக்காரு. இதுக்கு மேல என்ன வேணும் உனக்கு?"

நீ அந்தக் காக்கி உறையை எடுத்து ஊதிப் பார்த்தாய். தலைகீழாக உதறினாய். கிழித்து விரித்து உட்பக்கத்தைப் பார்த்தாய். ஒரு வாரம் கழித்து, "படம் எல்லாருக்கும் அனுப்புவாங்களா இருக்கும்" என்று நீயாகவே சொன்னாய். அந்த வருஷக் கடைசியில் உன் வகுப்பு டீச்சர் உம்மாவிடம், "முன்னெல்லாம் கேள்வியாக் கேட்டுக் கொல்லுவான். இப்ப நல்ல பிள்ளையா ஆயிட்டான்" என்றாராம். அதைக் கேட்டு நாங்கள் சந்தோஷப்பட்டோம். உன் உம்மாவும் நானும் எவ்வளவு புத்திசாலிகள் பார்த்தாயா.

இனி உனக்குத் தெரியாத பாதி. நீ எட்டாம் வகுப்பில் இருந்தபோது சீவலப்பேரியிலிருந்து ஒரு டீச்சரம்மா, மகளைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தார். கையில் அதே ராக்கெட் படம். "பாய், ரெண்டு பக்கமும் கண்ணாடி போட முடியுமா? பின்னாடி எழுத்து இருக்கு, மறைச்சிராதீங்க" என்றார். நான் திருப்பிப் பார்த்தேன். நீல மை. முத்து முத்தான தமிழ். அந்தப் பிள்ளை கேட்ட கேள்விக்குப் பதில், பத்துப் பன்னிரண்டு வரி. டீச்சரம்மா சொன்னார், "பிள்ளைகளுக்கு அவரு தனியாக் காயிதம் போட மாட்டாராம். படத்துக்குப் பின்னாலதான் எழுதுவாராம். அப்பத்தான் தொலைக்க மாட்டாங்கன்னு."

அந்தப் பிள்ளைக்கு இரண்டு பக்கமும் கண்ணாடி போட்டுக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து உன் படத்தைக் கழற்றிக் கையெழுத்து இல்லாத கீழ் மூலையை மட்டும் கத்தியால் நெம்பிப் பார்த்தேன். நகத்தளவு புகை கிழிந்து வந்தது. பயந்து மாட்டிவிட்டேன். மறுநாள் நீ பார்த்துவிட்டு, "இது எப்படிக் கிழிஞ்சுது?" என்று கேட்டாய். "பல்லி" என்றேன். கண்ணாடிக்குள் இருக்கிற படத்தைப் பல்லி எப்படிக் கிழிக்கும் என்று ஆறாம் வகுப்பில் இருந்த நீ கேட்டிருப்பாய். எட்டாம் வகுப்பில் இருந்த நீ கேட்கவில்லை. "சரி வாப்பா" என்று போய்விட்டாய்.

அதற்குப் பிறகுதான் சேர்க்க ஆரம்பித்தேன். உனக்கு ஒரு பதிலை இல்லாமல் ஆக்கியவன், அதற்கு ஈடாக ராக்கெட் சம்பந்தப்பட்ட எல்லாவற்றையும் கொண்டுவந்து உன் முன்னால் கொட்டிவிடலாம் என்று நினைத்திருக்க வேண்டும். நினைத்தேன் என்றுகூட உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கால் போனது, கை வாங்கியது. ஒவ்வொன்றையும் கொண்டுவந்து காட்டும்போது நீ "நல்லாருக்கு வாப்பா" என்பாய். டம்ளருக்கும் நல்லாருக்கு, தலைக்கவசத்துக்கும் நல்லாருக்கு. பதிலின் மேல் பசை போட்டதை அன்றே சொல்லித் தொலைத்திருந்தால் ஒரு நாள் அழுகையோடு முடிந்திருக்கும். நான் அதை நாற்பத்திரண்டு சட்டங்களாக ஆக்கினேன்.

சொல்ல நேரமே கிடைக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. நீ முதன்முதலில் சவூதிக்குப் போன அன்று திருவனந்தபுரத்துக்குக் காரில் போனோமே, பணகுடி தாண்டியதும் மலை தெரிந்தது. இதுதான் சமயம் என்று தொண்டையைச் செருமினேன். "அந்தா, மலை" என்றேன். நீ போனிலிருந்து தலையைத் தூக்கி, "ஆமா வாப்பா" என்றாய். அவ்வளவுதான். காவல்கிணறு வந்ததும் டிரைவர் டீக்கு நிறுத்தினான். நான் வடை சாப்பிட்டேன். மகனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டிய இடத்தில் நான் வடை சாப்பிட்டவன். இரண்டு.

மூன்று வருஷத்துக்கு முன் அந்த விஞ்ஞானி மௌத்தாகிப்போனார். செய்தித்தாளில் வந்த இறப்புச் செய்தியை வெட்டி எடுத்தேன். வழக்கம்போல் தேதியையும் சேர்த்து வெட்டித் தள்ளிவிட்டேன்.

போன வாரம் நீ தூக்கிப் போடச் சொன்ன பிறகு, அந்தச் சட்டத்தைக் கூடத்துக்குக் கொண்டுவந்தேன். இனிக் காப்பாற்ற எதுவும் இல்லாதவனுக்கு ஒரு தைரியம் வருமே, அதுதான். ஆணிகளைப் பிடுங்கினேன். உம்மா அகலமான சட்டியில் வெந்நீர் போட்டுக் கொடுத்தாள். அவளிடம் விஷயத்தை அப்போதுதான் சொன்னேன். அவள் திட்டவில்லை. "பைய, பாத்து எடுங்க" என்று மட்டும் சொன்னாள். ஆவியில் காட்டி, ஈரத்துணி வைத்து, ஒரு பகல் முழுக்க உரித்தேன். படம் இரண்டு தோலாகப் பிரிந்துவிட்டது. ராக்கெட் தனியாக நைந்து வந்தது. எழுத்து இருந்த பக்கம் அட்டையோடு போய்விட்டது. பசையில் மை கரைந்திருந்தது. துத்தமும் நீலம், மையும் நீலம். எது அவர் எழுத்து, எது என் பசை என்றே தெரியவில்லை. அட்டையில் எழுத்து வலம் இடமாகப் பதிந்திருந்ததால் உம்மா முகம் பார்க்கிற கண்ணாடியைக் கொண்டுவந்து பிடித்தாள். நாங்கள் இரண்டு கிழங்களும் தலையை முட்டிக்கொண்டு பார்த்தோம்.

மேலே, 'அன்புள்ள யூசுப்'. உன் பெயர் தெளிவாக இருக்கிறது. கொஞ்சம் கீழே, 'எனக்குத் தெரியாது'. அதற்குக் கீழே எட்டு வரி இருந்திருக்கும், எல்லாம் நீலக் குளம். கடைசி வரியில் மூன்று சொல்: 'பார்த்து எனக்கு எழுது'.

அவ்வளவுதான் மகனே. நீ அவர் பதிலுக்குக் காத்திருந்தாய். அவரும் உன் பதிலுக்குக் காத்திருந்திருக்கலாம். இல்லை, நூறு பிள்ளைகளில் ஒரு பிள்ளையாக மறந்தும் போயிருக்கலாம். அந்த வரியை நீ அன்றைக்கே வாசித்திருந்தால் இன்று மலையில் வேலை பார்ப்பாய் என்றெல்லாம் நான் சொல்ல மாட்டேன். டயர் கம்பெனியும் வேலைதான். அந்தச் சம்பளத்தில்தான் என் கண் ஆபரேஷன் நடந்தது. ஆனால் ஒரு பெரிய மனிதர் ஒரு சின்னப் பையனிடம் எனக்குத் தெரியாது என்று ஒப்புக்கொண்டிருக்கிறார். நீ போய்ப் பார்த்துச் சொல் என்று கேட்டிருக்கிறார். அது உனக்கு வந்த சொல். அதன் மேல் நான் பசை தடவினேன். இதைச் சரி செய்ய ஒரு வழியும் இல்லை. யோசித்துப் பார்த்துவிட்டேன்.

தகப்பன் கடிதம் என்றால் புத்தி சொல்ல வேண்டும் என்று ஒரு வழக்கம் இருக்கிறது. எனக்கு அந்தத் தகுதி இல்லை. இருந்தாலும் ஒன்று. போனில் உன் மகள் ஏதோ கேட்க, நீ "அப்பறம், அப்பறம்" என்றது என் காதில் விழுந்தது. அவளிடம் தெரியாது என்றாவது சொல்லிவிடு. அதுவும் பதில்தான் என்று எனக்கு மிகவும் தாமதமாகத் தெரியவந்திருக்கிறது.

நேற்று நான் கூந்தன்குளம் போனேன். யாருக்கும் சொல்லவில்லை, உம்மாவிடம் கண் ஆஸ்பத்திரி என்றேன். மூலைக்கரைப்பட்டி பஸ் பிடித்து, அங்கிருந்து மாறிப் போனேன். என்ன நினைத்துப் போனேன் என்று கேட்டால் தெரியாது. குளத்தில் தண்ணீர் இல்லை. மரங்களில் பழைய கூட்டின் சுள்ளிகள் மட்டும் இருந்தன. கரையில் ஆடு மேய்த்துக்கொண்டு ஒரு பெரியவர் நின்றார்.

"பறவ ஒண்ணும் இல்லையே" என்றேன்.

"இப்ப வந்து பறவ தேடுதீகளே பாய்! தையில வரணும்."

"மலையில ராக்கெட் என்ஜின ஓட்டுனா, சத்தம் இங்கன கேக்குமா?"

"என்னது?"

கொஞ்சம் உரக்கக் கேட்டேன். இன்னும் உரக்கக் கேட்டேன். ஆடுகள் விலகி ஓடின. அவர் காதில் கையைக் குவித்துக்கொண்டு, "நமக்குக் காது போயி வருசம் ஆச்சு பாய்" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார், எதற்கென்று தெரியாமல். அடுத்த பஸ் வரும்வரை இருவரும் கரையில் உட்கார்ந்திருந்தோம். தை மாதம் திரும்பப் போகலாம்தான். போய்ப் பார்த்து யாருக்கு எழுதுவது?

சட்டங்களை நாளைக்கு எடுக்க ஆள் வருகிறான். அந்த அட்டையில் உன் பெயரும் அந்த வரிகளும் இருக்கிற பகுதியை மட்டும் அறுத்து இந்த உறையில் வைத்திருக்கிறேன். ஒட்டவில்லை, சும்மாதான் வைத்திருக்கிறேன். கண்ணாடியில் காட்டினால் வாசிக்கலாம். என்னை மன்னிக்க வேண்டும் என்று இல்லை. நீ மன்னித்தாலும் "சரி வாப்பா" என்றுதான் சொல்வாய், எனக்கு அதைக் கேட்கத் தெம்பு இல்லை.

இந்தத் தாள்களில் ஒரு பக்கம் மட்டுமே எழுதியிருக்கிறேன். பின்பக்கம் ஒன்றும் கிடையாது, வெறும் தாள். இருந்தாலும் நீ ஒவ்வொன்றையும் ஒருமுறை திருப்பிப் பார்த்துவிடு.

வாப்பா